எண் ஒன்று, பிரதி வேறு: இணையச் சந்தைத் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் நூல் விற்பனைக்கு இடம் கொடுக்கும் சந்தைத் தளங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நூல்களுக்குச் சொல்லடைவு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பார்ப்பதிலேயே நாள் கழிவதால், எந்தப் பதிப்பு, எந்த அச்சு, எத்தனை பக்கம் என்று கேட்காமல் ஒரு புத்தகத்தையும் கையில் எடுக்க முடியாதவனாகிவிட்டேன். அந்தப் பழக்கத்தோடுதான் பல ஆண்டுகளாக உங்கள் தளங்களில் மூன்றாம் தரப்பு விற்பனையாளர்களிடம் நூல்கள் வாங்கி வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை குறையின்றி வந்து சேர்ந்தன என்பதையும், கடைகளில் தேடிக் கிடைக்காத சில நூல்கள் உங்கள் தளங்கள் இல்லாவிட்டால் என் மேசைக்கு வந்தே இருக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மடல் எஞ்சியவற்றைப் பற்றியது.

சில மாதங்களுக்கு முன்பு, இரண்டு தொகுதிகளாக வெளிவந்து நெடுநாளாக அச்சில் இல்லாத ஓர் அகராதியை வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் இரண்டு தொகுதிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் இருந்தது. பக்க எண்ணிக்கை என்று கொடுக்கப்பட்டிருந்ததும் இரண்டையும் கூட்டிய தொகை. பார்சலில் வந்தது முதல் தொகுதி மட்டும். அகரவரிசையில் பாதிவழியில் நின்றுவிடும் அகராதியை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது என்பதை விளக்கி விற்பனையாளருக்கு எழுதினேன். தாம் பட்டியலிட்ட ஐ.எஸ்.பி.என். எண்ணும் (நூலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்) புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண்ணும் ஒன்றுதான், ஆகவே அனுப்பியது சரியான பொருள்தான் என்று பதில் வந்தது. பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. முழுத் தொகுப்புக்கு ஓர் எண், முதல் தொகுதிக்கு ஓர் எண், இரண்டாம் தொகுதிக்கு ஓர் எண் என்று மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக அங்கே அச்சாகியிருந்தன. அவர் மேலே இருந்ததைப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார். உங்கள் தளமோ அந்த எண்ணுக்குரிய படத்தையும் விவரத்தையும் தானாகவே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, நானும் கவனக்குறைவாக வாங்கவில்லை. ஆனாலும் என்னிடம் இருப்பது அரை அகராதி.

இதில் தவறு எங்கே நடந்தது என்று யோசித்தபோது, அது விற்பனையாளரிடத்தில் தொடங்கவில்லை, உங்கள் பக்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் எண்ணுக்குப் பக்கம் திறக்கிறீர்கள். நாங்கள் பிரதியை வாங்குகிறோம். ஐ.எஸ்.பி.என். 1970இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டபோது, பதிப்பகத்துக்கும் கடைக்கும் நூலகத்துக்கும் இடையே நடக்கும் கொள்முதலில் குழப்பம் வராமல் இருக்கவே அது ஏற்பட்டது. 2007 ஜனவரி முதல் பத்து இலக்கம் பதின்மூன்றாக வளர்ந்த பிறகும் அதன் வேலை மாறவில்லை. கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறோர் எண், திருத்திய பதிப்புக்கு இன்னோர் எண் என்று புதுச் சரக்கைப் பிரித்தறிய அது அருமையான கருவி. ஆனால் பெரிய மாற்றமில்லாத மறுஅச்சுக்குப் பழைய எண்ணே தொடரும்; முதல் அச்சில் இருந்த எழுத்துப்பிழைகள் ஐந்தாம் அச்சில் களையப்பட்டிருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. 1970க்கு முன்பு வெளியானவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணே கிடையாது. அவற்றை விற்பவர்கள் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு பிற்காலப் பதிப்பின் பக்கத்தில் போய் ஒண்டிக்கொள்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய பிரதி ஒன்று, பளபளக்கும் புதிய அட்டைப்படத்தின் கீழே, தனக்குச் சொந்தமில்லாத முன்னுரையோடும் பக்க எண்ணிக்கையோடும் விலைக்கு நிற்கும்.

மொழிபெயர்ப்பு நூல்களில் இந்தக் கோளாறு இன்னும் ஆழமாகப் போகிறது. புகழ்பெற்ற பழைய நாவல் ஒன்றுக்கு ஒரே மொழியில் நான்கைந்து மொழிபெயர்ப்புகள் இருப்பது சாதாரணம். வாசகருக்கு அவை நான்கைந்து தனி நூல்கள். ஒன்றின் வாக்கியம் ஓடும், இன்னொன்றின் வாக்கியம் தடுக்கும், மூன்றாவது பாதியைச் சுருக்கியிருக்கும். உங்கள் தளங்கள் பலவற்றிலோ மூல ஆசிரியர் பெயரும் தலைப்பும் ஒத்துப்போனதும் எல்லாப் பதிப்புகளும் ஒரே குடும்பமாகக் கருதப்பட்டு, ஒன்றுக்கு எழுதிய மதிப்புரை மற்ற எல்லாவற்றின் கீழும் வந்துவிடுகிறது. ஒரு வாசகர் குறிப்பிட்ட மொழிபெயர்ப்பாளரின் நடையைப் பாராட்டி நீளமாக எழுதியிருந்ததை நம்பி நான் ஒரு நூலை வாங்கினேன். வந்த பிரதியில் மொழிபெயர்ப்பாளர் பெயர் முகப்பிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன, நூறாண்டுக்கு முற்பட்ட ஒரு மொழிபெயர்ப்பை யாரோ எடுத்துப் புது அட்டை போட்டிருந்தார்கள். பாராட்டு வேறொருவருக்கு உரியது, விற்பனை இவருக்குப் போனது. இதை நான் மோசடி என்று சொல்லத் தயங்குகிறேன். ஏனென்றால் மதிப்புரையை இடம் மாற்றி வைத்தவர் விற்பனையாளர் அல்லர்.

பழைய நூல்களின் மறுபதிப்பு என்ற பெயரில் வருபவை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆர்டர் வந்த பிறகு ஒரு பிரதியை மட்டும் அச்சிட்டு அனுப்பும் முறையால் எத்தனையோ அரிய நூல்கள் உயிரோடு இருக்கின்றன. அந்த முறைமேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. குறை, அப்படி அச்சிட்டது என்பதை மறைப்பதில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயண நூல் ஒன்றை அப்படித் தெரியாமல் வாங்கினேன். அட்டையில் நூலுக்குத் தொடர்பே இல்லாத ஒரு மலைக்காட்சி. உள்ளே, ஏதோ ஒரு நூலகப் பிரதியை ஸ்கேன் செய்த பக்கங்களை அப்படியே அச்சடித்திருந்தார்கள். நூலக முத்திரையும், யாரோ பென்சிலால் போட்ட அடிக்கோடுகளும் கறுப்பு மையில் நிரந்தரமாகிவிட்டிருந்தன. ஒரு பக்கத்தின் கீழ் மூலையில் ஸ்கேன் செய்தவரின் விரல் நுனி, நகத்தோடு, அச்சாகியிருந்தது. நூலுக்கு உயிர்நாடியான வரைபடம் மூலத்தில் மடித்து ஒட்டப்பட்டிருந்திருக்க வேண்டும்; அதை விரிக்காமலேயே படமெடுத்திருந்ததால், எனக்குக் கிடைத்தது மடிப்பின் பின்புறம் மட்டும், அதாவது மங்கலான ஒரு வெள்ளைப் பக்கம்.

படமாகக்கூட அச்சிடாமல், கணினியே எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்த பாடத்தை யாரும் திருத்தாமல் அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் அடிக்குறிப்புகள் வாக்கியத்தின் நடுவே நுழைந்துவிடும், பக்கத் தலைப்புகள் பத்திக்குள் குதிக்கும், அட்டவணைகள் எண்களின் சிதறலாகிவிடும். இத்தகைய நூல்கள் சிலவற்றின் உள்ளே ‘இந்நூலில் சில பிழைகள் இருக்கலாம்’ என்று ஒரு குறிப்பு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குறிப்பு விற்பனைப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது. மாதிரிப் பக்கங்களைப் பார்க்கும் வசதி உங்களிடம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். அந்த மாதிரியும் வேறொரு பதிப்பிலிருந்து எடுத்துக் காட்டப்படுவதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

பயன்படுத்திய பிரதிகளின் நிலையை விவரிக்கும் சொற்களுக்கு வருகிறேன். ‘புதியது போன்றது’, ‘மிக நன்று’, ‘நன்று’, ‘ஏற்கத்தக்கது’ என்று நான்கு படிகள் வைத்திருக்கிறீர்கள். பழைய புத்தக வணிகத்தில் ஊறியவர்கள் இந்தச் சொற்களை விளக்கமின்றிப் பயன்படுத்த மாட்டார்கள். முதுகுத்தாள் வெளுத்திருக்கிறது, முன் ஒட்டுத்தாளில் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, 112ஆம் பக்கத்தில் சிறு கிழிசல் என்று பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். உங்கள் தளங்களில் நான் மிகுதியாகக் காண்பது இந்த வாசகத்தை: ‘அடிக்கோடுகள் இருக்கலாம், குறிப்புகள் இருக்கலாம், நூலக முத்திரை இருக்கலாம், மேலுறை இல்லாமல் இருக்கலாம்.’ ஆயிரக்கணக்கான பிரதிகளுக்கும் இதே வாசகம். இதை எழுதியவர் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. எதுவும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், எது இருந்தாலும் புகாருக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. ஒருமுறை ‘மிக நன்று’ என்று வாங்கிய நூலின் பாதிக்கு மேல் மஞ்சள் மையால் தீட்டப்பட்டிருந்தது. தீட்டியவர் எதையும் விட்டுவைக்கவில்லை, அருஞ்சொல் பட்டியல் உட்பட. அந்த உழைப்பை மட்டும் வியந்தேன்.

பூஞ்சை விஷயம் அப்படி வியந்துவிட்டுப் போகக்கூடியதல்ல. ஈரத்தில் கிடந்த பிரதியின் வாடை படத்தில் தெரியாது, ஆனால் அலமாரியில் அதன் பக்கத்தில் நிற்கும் நூல்களுக்கும் பூஞ்சை பரவக்கூடும். வந்ததும் தனியே எடுத்துவைத்து, முதுகுப் பக்கத்தையும் உள்விளிம்பையும் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்பதை நான் பாடுபட்டுத்தான் கற்றேன். பாடநூல் வாங்கும் மாணவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது: இணையப் பயிற்சிகளுக்கான நுழைவுக் குறியீடு பழைய பிரதியில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும், அது இல்லாமல் நூலை வாங்கியும் பயனில்லாமல் போகலாம். வேறொரு நாட்டுச் சந்தைக்காக அச்சிட்ட பதிப்பில் பயிற்சிக் கணக்குகளின் வரிசை மாறியிருப்பதும் உண்டு.

விற்பவர் கையில் புத்தகமே இல்லாத நிலையும் இருக்கிறது. பிறர் பட்டியலிட்ட பிரதியை அதிக விலைக்குத் தாமும் பட்டியலிட்டு, ஆர்டர் வந்த பிறகு அவரிடமிருந்து வாங்கி, ஆர்டர் செய்தவரின் முகவரிக்கு அனுப்பச் சொல்வது இத்தகைய விற்பனையாளர்களின் வழி. இதன் விசித்திரத்தை 2011 ஏப்ரலில் உலகம் பார்த்தது. ஈயின் வளர்ச்சி பற்றி 1992இல் வெளியான ஓர் உயிரியல் நூலை அமேசானில் இரண்டு விற்பனையாளர்கள் புதிய பிரதி என்று பட்டியலிட்டிருந்தார்கள். ஒருவருடைய விலை வைக்கும் கணினி நிரல், போட்டியாளர் விலையை 0.9983ஆல் பெருக்கித் தன் விலையைச் சற்றே குறைத்து வைத்துக்கொண்டது. மற்றவருடைய நிரல், முதலாமவர் விலையை 1.270589ஆல் பெருக்கியது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சுற்றிலும் விலையை ஏறத்தாழ 27 விழுக்காடு உயர்த்தி, கடைசியில் 2.36 கோடி டாலருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தின. அஞ்சல் செலவு 3.99 டாலர் தனி. இதைக் கவனித்து எழுதிய உயிரியலாளர், அதிக விலை வைத்தவரிடம் நூல் இல்லை என்றும், விற்றால் மற்றவரிடம் வாங்கிக் கொடுக்கும் எண்ணம் போலும் என்றும் ஊகித்தார். கோடிகளில் போனதால் இது கண்ணில் பட்டது. இருமடங்கோடு நின்றிருந்தால் அவசரத்தில் இருக்கும் ஒரு மாணவர் பேசாமல் பணம் கட்டியிருப்பார்.

திருட்டுப் பிரதிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெலிந்த தாள், மங்கிய எழுத்து, கோணலாக வெட்டிய விளிம்பு, கறுப்புப் பட்டைகளாகிப்போன புகைப்படங்கள், இரண்டாம் முறை விரித்ததும் கழன்று வரும் ஒட்டுக்கட்டு என்று அவற்றின் அடையாளங்கள் கையில் எடுத்தவருக்குத் தெரியும். ஐ.எஸ்.பி.என். மட்டும் பிழையின்றி இருக்கும். ஏனென்றால் அந்த எண் எந்த நூல் என்று சொல்லுமே தவிர, யார் அச்சடித்தது என்று சொல்லாது. ஒரே எண்ணுள்ள சரக்குதானே என்று பல விற்பனையாளர்கள் அனுப்பிய பிரதிகளைக் கிடங்கில் ஒரே தட்டில் கலந்து வைக்கும் வழக்கமும் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறது. அப்படிக் கலந்துவிட்டால் நேர்மையான விற்பனையாளரைத் தேடித் தேர்ந்தெடுத்தவருக்கும் வேறொருவர் அனுப்பிய போலி போய்ச் சேரலாம். வாங்கியவர் கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுப்பார். அது அச்சடித்தவரின் கணக்கில் சேராது, ஒரு காசும் பெறாத நூலாசிரியரின் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

செயற்கை நுண்ணறிவு இயந்திரமே எழுதிய நூல்கள் பற்றிய கவலைக்கு நடுவே, 2023இல் அமேசான் தன் சுயபதிப்புத் தளத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று நூல்களுக்கு மேல் புதிதாக ஏற்றக் கூடாது என்று வரம்பு வைக்க நேர்ந்தது. ஒரு நாளைக்கு மூன்று நூல் எழுதுபவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

விற்பவர் யார் என்று காட்டச் சட்டங்கள் ஏற்கெனவே கேட்கின்றன. இந்தியாவில் 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பனையாளரின் பெயரையும் முகவரியையும் தொடர்பு எண்ணையும் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. அமெரிக்காவில் 2023 ஜூன் 27 முதல், புதிய பொருள்களில் ஓராண்டில் 200க்குக் குறையாத விற்பனையும் 5,000 டாலர் வருமானமும் எட்டிய விற்பனையாளர்களின் அடையாளத்தைச் சரிபார்ப்பது தளத்தின் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்து, வணிகரின் விவரத்தைப் பெற்று வாங்குபவருக்குக் காட்டும்படி சொல்கிறது. ஆகவே விவரம் உங்களிடம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் வழக்கமாக வாங்கும் பக்கத்தில், ‘கூடையில் சேர்’ என்ற பெரிய பொத்தானுக்குக் கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒரு கடைப்பெயர் இருக்கிறது. அதைத் தொட்டால் நட்சத்திரங்கள் வருகின்றன. அந்தப் பக்கத்தின் அடிவரை போய் இன்னொரு முறை தொட்டால்தான் முகவரி. பெயரைப் பொடியாக எழுதுவது உங்களுக்குக் கடினமில்லை என்றால், அதைப் பெரிதாக எழுதுவதும் கடினமாக இருக்க முடியாது.

புகார் செய்யும் இடத்தையும் ஒருமுறை நீங்களே பயன்படுத்திப் பாருங்கள். திருப்பி அனுப்பும் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள்: பொருள் சேதமடைந்திருக்கிறது, வேறு பொருள் வந்திருக்கிறது, இனி தேவையில்லை, தவறுதலாக வாங்கிவிட்டேன். ‘நூல் அதுதான், பதிப்பு வேறு’ என்பதற்கு அங்கே இடமில்லை. ‘வேறு பொருள்’ என்று தேர்ந்தெடுத்தால், எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அதே பொருள்தான் என்கிறார்கள். ‘தேவையில்லை’ என்று தேர்ந்தெடுத்தால் அஞ்சல் செலவு என் தலையில். இதற்கிடையில் விற்பனையாளரிடமிருந்து தனிச்செய்தி வரும்: பாதிப் பணத்தைத் தருகிறோம், புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போட்ட மதிப்பீட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். அகராதி விஷயத்தில் எனக்கும் அப்படி ஒரு செய்தி வந்தது. பாதிப் புத்தகத்துக்குப் பாதிப் பணம் என்பதில் ஒரு கணக்கு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மதிப்பீட்டை எடுத்துவிட்டால், அடுத்து வாங்குபவர் அந்தப் படத்தில் இரண்டு தொகுதிகளைப் பார்த்து ஏமாறுவார் என்பதால் மறுத்துவிட்டேன்.

நான் கேட்பவை பெரிய மாற்றங்கள் அல்ல. பயன்படுத்திய பிரதி எதுவும், அதன் முகப்பும் பதிப்புரிமைப் பக்கமும் தெரியும்படி எடுத்த சொந்தப் படம் இல்லாமல் பட்டியலில் ஏறக் கூடாது. கைப்பேசியில் இரண்டு நிமிட வேலை அது, மலிவு விலையில் ஆயிரக்கணக்கில் விற்பவர்களுக்கு அது சுமையாகும் என்றால், குறைந்தபட்சம் அச்சில் இல்லாத நூல்களுக்காவது அதைக் கட்டாயமாக்குங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் விருப்பமிருந்தால் நிரப்பும் கட்டங்களாக இருக்க வேண்டாம். ஒரு பதிப்புக்கு எழுதிய மதிப்புரை அந்தப் பதிப்போடு நிற்கட்டும். மற்றவற்றின் கீழும் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எதற்கு எழுதியது என்பதை அதன் தலையிலேயே எழுதுங்கள். ஸ்கேன் செய்து அச்சிட்டதையும், ஆர்டருக்குப் பிறகு அச்சிடுவதையும், கையிருப்பில் இல்லாமல் விற்பதையும் அப்படியே சொல்லச் செய்யுங்கள். தெரிந்தே வாங்க எங்களில் பலர் தயாராக இருக்கிறோம். திருப்பி அனுப்பும் காரணங்களில் ‘பதிப்பு வேறு’ என்று ஒரு வரி சேருங்கள். பணத்துக்குப் பதிலாக மதிப்பீட்டை நீக்கச் சொல்லும் செய்திகள் உங்கள் தளத்தின் வழியாகவே வருகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எங்கள் உதவி தேவையிராது.

இதை எழுதும் முன் அந்த அகராதியின் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அதே படம், அதே பக்க எண்ணிக்கை. இப்போது வேறொரு விற்பனையாளர் ஒரு பிரதியைப் பட்டியலிட்டிருக்கிறார், நிலை ‘நன்று’. அவரிடம் இருப்பது இரண்டாம் தொகுதியாக இருந்தால் எனக்கு வேண்டும். கேட்டு எழுதினேன். ‘குறிப்புகள் இருக்கலாம், நூலக முத்திரை இருக்கலாம்’ என்று பதில் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தளங்களில் நூல் வாங்கும் ஒரு வாசகன்